ஒசாகாவுல ஒகினாவா சாப்பாடு: டைஷோ டைரி

வெள்ளி, ராத்திரி

ஆபீஸ் முடிஞ்ச கையோட நாகோயாவுல ஷிங்கான்சென் ஏறி ஷின்-ஒசாகா, அங்கிருந்து ஒசாகா ஸ்டேஷன், அப்புறம் ஒசாகாவ சுத்தி ஓடுற லூப் லைன் ட்ரெயின். இப்ப டைஷோங்குற ஏரியாவுல ஒரு சின்ன லாட்ஜ் ரூம்ல வயிறு முட்ட சாப்பிட்டுட்டு உக்காந்து இத டைப் பண்ணிட்டு இருக்கேன். ஒசாகா போறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல ஆளாளுக்கு டோட்டோன்போரி போங்க, தகோயாகி சாப்பிடுங்க, அந்த ஓடுற ஆள் போர்டு முன்னாடி போட்டோ எடுங்கனு லிஸ்ட் குடுத்தாங்க. அதெல்லாம் பாத்தாச்சுங்க, கூட்டத்துல நசுங்கியும் ஆச்சு. இந்த வாட்டி வந்தது சாப்பிட மட்டும், அதுவும் ஒசாகா சாப்பாடு இல்ல, ஒகினாவா சாப்பாடு.

ஒகினாவா சாப்பாட்டுக்கு ஒகினாவா போகாம எதுக்கு ஒசாகானு கேப்பீங்க. டைஷோ ஒசாகாவோட தென்மேற்கு மூலையில இருக்கு, சுத்தி ஆறும் கால்வாயும், உள்ள இரும்புப் பட்டறை, மரக்கடை, குடோன், நடுநடுல வீடுங்க. டூரிஸ்ட் கண்ணுல படுற ஊரே இல்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம் டோம் ஸ்டேடியத்துல பேஸ்பால் பாக்க வர்ற கூட்டம் மட்டும் இங்க இறங்கி அப்படியே நடந்து போயிரும். ஆனா இங்க குடியிருக்குறவங்கள்ல நாலுல ஒருத்தர் ஒகினாவா வம்சம்னு சொல்றாங்க. ஒகினாவா இங்கிருந்து கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர், ஃப்ளைட்லயே ரெண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்க நூறு வருஷமா இங்க சமைச்சு சாப்பிட்டுட்டு இருக்காங்க, அதத்தான் பாக்க வந்தேன்.

லூப் லைன்ல ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ட்ரெயின் கிளம்பும்போது ஒரு ட்யூன் போடுவாங்க, டைஷோவுல வர்றது டின்சாகு நு ஹனாங்குற ஒகினாவா நாட்டுப்புறப் பாட்டு. காசித்தும்பைப் பூவ அரைச்சு நகத்துக்கு சாயம் ஏத்துற மாதிரி அப்பா அம்மா சொன்னத மனசுல ஏத்திக்கோனு வர்ற பாட்டு. நகத்துக்கு வச்சு விடுற பழக்கம் நம்ம ஊர்லயும் இருக்குறதால எனக்கு உடனே புடிச்சு போச்சு. கூட வந்த தம்பி மட்டும் "பசிக்குதுக்கா, பாட்ட அப்புறம் கேக்கலாம்"னு இழுத்துட்டுப் போயிட்டான்.

தம்பினா எங்க டீம்ல புதுசா சேந்த பையன், திருநெல்வேலிக்காரன், சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. ஒகினாவா சமையல்ல பன்னி இல்லாத அயிட்டத்த விரல் விட்டு எண்ணிரலாம், அந்த ஊர்க்காரங்களே பன்னியோட சத்தத்த மட்டும்தான் விட்டு வைப்போம்னு பெருமையா சொல்லிக்குவாங்க. தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன். அவனும் தெரிஞ்சுதான் வந்தான், லீவுல ரூம்ல தனியா கெடக்குறதுக்கு இது தேவலையாம்.

கடை ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம்தான். வாசல்ல ஷிசானு சிங்கம் மாதிரி காவல் பொம்மை ரெண்டு, ஒண்ணு வாய தொறந்துட்டு ஒண்ணு மூடிட்டு, ஓரியன் பீர் பேர் போட்ட காகித லாந்தர், கதவ தள்ளுனா ஒரு கவுண்டரும் நாலஞ்சு டேபிளும். மெனு கார்டுனு ஒண்ணு இருக்கு, ஆனா யாரும் அத தொடுறதில்ல, செவுத்துல நீள நீளமா பேப்பர்ல எழுதி ஒட்டிருக்கு, அத பாத்துதான் எல்லாரும் ஆர்டர் சொல்றாங்க. டிவியில ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் மேட்ச், கவுண்டர்ல இருந்த பெருசுங்க எல்லாம் அதுக்குத்தான் கத்திட்டு இருந்தாங்க. கடைக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல இருக்கும், அச்சு அசல் ஒசாகா பேச்சு, போன எடுத்தா மாயிதோ, வச்சா ஓக்கினி. அவங்க அப்பா ஒகினாவா வடக்கு மூலையில யன்பாரு காட்டுப் பக்கத்துல இருந்து வந்தவராம், இவங்க பொறந்ததே டைஷோவுலதான்.

உக்காந்ததும் கேக்காமயே ஒரு சின்ன கிண்ணம் வந்துச்சு. இஸகாயானு சொல்ற இந்த மாதிரி குடிச்சு சாப்பிடுற கடைன்னா எல்லா எடத்துலயும் இது உண்டு, ஒட்டோஷினு பேரு, பில்லுலயும் ஏறும், சண்டை போடாதீங்க. இங்க குடுத்தது மொசுக்கு, நூல் நூலா வழுவழுனு இருக்குற கடல்பாசி வினிகர்ல போட்டது. தம்பி அந்தம்மாகிட்ட மீன் தண்ணி கலந்திருக்கானு கேக்கச் சொன்னான், கேட்டேன், கலந்திருக்கு. அதுவும் என் பக்கம் வந்துருச்சு.

கோயா சன்புரு வந்துச்சு. கோயாங்குறது நம்ம பாவக்காய்தாங்க, கொஞ்சம் குண்டா, மேல முள்ளு மழுங்கி, கரும்பச்சையா இருக்கும். ரெண்டா கிழிச்சு ஸ்பூனால உள்ள இருக்குற பஞ்ச வழிச்சுட்டு மெல்லிசா வில்லை போட்டு, உப்பு பெசறி வச்சு, அப்புறம் டோஃபு, பன்னி, முட்டை எல்லாம் போட்டு பெரிய தீயில ரெண்டே நிமிஷம், மேல காட்சுவோ மீன் சீவல். பாவக்காய் போட்ட முட்டைப் பொடிமாஸ்னு நெனச்சுக்கோங்க, ஏறக்குறைய அதுதான். நாம புளியும் வெல்லமும் போட்டு கசப்ப அடிச்சு சாச்சுருவோம், இவங்க கசப்பு தெரியணும்னே செய்றாங்க, டோஃபுவும் முட்டையும் கசப்புக்கு மெத்தை போட்டு குடுக்குது, அவ்வளவுதான். எனக்கு இதுதான் சரினு படுது. எங்க வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இந்த கோயாவுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. ரொம்ப நாளா ஒகினாவாவுல இருந்து கோயாவ ஜப்பானோட மத்த தீவுகளுக்கு சும்மா அனுப்பவே முடியாது, பூசணி வகைக் காய்ல முட்டை வைக்கிற ஒரு பழ ஈ அங்க இருந்துச்சு, அது பரவிரும்னு தடை. 1972-ல அமெரிக்கா கையில இருந்து ஒகினாவா திரும்ப ஜப்பானுக்கு வந்த பிறகு அந்த ஈய ஒழிக்க எறங்குனாங்க. மருந்த மட்டும் அடிச்சு தீக்கல, அதே ஈய கோடிக்கணக்குல வளத்து, கதிர்வீச்சு குடுத்து மலடாக்கி பறக்க விட்டாங்க, பெண் ஈ அந்த மலட்டு ஆண் ஈ கூட சேந்து முட்டை வச்சாலும் பொரியாது. 1978-ல குமே தீவுல ஒழிஞ்சது, 1993-ல மொத்த ஒகினாவாவுலயும் ஒழிஞ்சது. அதுக்கப்புறம்தான் டோக்கியோ சூப்பர் மார்க்கெட்ல எல்லாம் கோயா வந்து குமிஞ்சது. இத நான் சொன்னதும் அந்தம்மா சிரிச்சுட்டு "எங்கப்பாவுக்கு அந்தக் கவலையே இல்ல, வீட்டு வாசல்ல பந்தல் போட்டு அவரே வளத்துட்டாரு, வெயில் காலம் பூரா தெனமும் இதேதான், நாங்க அழுவோம்"னாங்க. ஸ்கூல் டிபன் பாக்ஸ்ல கோயா இருந்தா மூடிய பாதி மட்டும் தொறந்து சாப்பிடுவாங்களாம், பக்கத்துல இருக்குற புள்ளைங்க பாத்துரக் கூடாதுனு. இப்ப அதே கோயாவுக்கு சனிக்கிழமை ஆனா வெளியூர் ஆளுங்க லைன்ல நிக்கிறாங்கனு சொல்லிட்டு தோள குலுக்குனாங்க.

தம்பிக்கு என்னதான் கெடச்சதுனா, ஜிமாமி டோஃபு (பேருதான் டோஃபு, சோயா கிடையாது, நெலக்கடலைப் பால்ல கெழங்கு மாவு போட்டுக் கிண்டி உறைய வச்சது), உமி புடோனு பச்சை முத்து முத்தா கொத்தா இருக்குற ஒரு பாசி, வாயில போட்டா படக் படக்குனு ஒடையும் உப்புத் தண்ணி, ஊதாக் கலர் சக்கரவள்ளி வறுவல், வெறும் சோறு. ஜிமாமி டோஃபுவ சாஸ் இல்லாம கேட்டு வாங்கி மூணு ப்ளேட் முடிச்சுட்டான். "நல்லாத்தாம்க்கா இருக்கு, நம்ம ஊர்ல இருக்குற கடலைக்கு இத ஏன் யாரும் செய்யல"னு வேற கேள்வி.

நான் ராஃபுட்டே சாப்பிட்டேன், தோலோட பன்னி வயித்துக் கறிய அவமோரி சாராயத்துலயும் கருப்பு வெல்லத்துலயும் மணிக்கணக்கா வேக வச்சது, குச்சிய வச்சாலே பிரியுது. அதப் பத்தி இன்னும் எழுதணும், ஆனா கண்ணு சொக்குது.

சனி, மத்தியானம்

காலையில மழை இல்ல, ஆனா ஜூலை ஒசாகா, புழுங்கி எடுக்குது. ஸ்டேஷன் பக்கம் சங்கென்யாங்குற தெருவுக்குப் போனோம், அங்க ஒரு பூங்காவுல ஒரு கல்லு நிக்கிது, நவீன நூற்பாலைத் தொழில் பொறந்த எடம்னு எழுதிருக்கு. தம்பிக்கு ஒரு கல்ல பாக்க எதுக்கு இவ்வளவு தூரம் நடக்கணும்னு எரிச்சல். எனக்கு அப்படி இல்ல, நான் கோயமுத்தூர்க்காரி, எங்க அம்மிச்சி நூல் மில்லுல ரீலிங்ல வேலை பாத்தவங்க, மில் சங்கு சத்தத்துலதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் பொழுது விடியும். கோயமுத்தூர தென்னிந்தியாவோட மான்செஸ்டர்னு சொல்ற மாதிரியே ஒசாகாவுக்கும் கிழக்கு தேசத்து மான்செஸ்டர்னு பேரு இருந்துச்சு, அதுக்கு ஆரம்பம் இந்த எடம். ஒசாகா நூற்பாலை 1883-ல இங்க ஓட ஆரம்பிச்சது, 10,500 கதிரு, நீராவி எஞ்சின், கொஞ்ச நாள்லயே ராத்திரி ஷிப்ட்டும் போட்டு 24 மணி நேரமும் ஓட்டுனாங்க. பஞ்சு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா, கொஞ்ச வருஷத்துல பெரும்பங்கு நம்ம நாட்டுல இருந்து, பம்பாய் பஞ்ச ஏத்தி வரவே 1893-ல ஜப்பான் கப்பல் கம்பெனி தனி லைன் விட்டுச்சு.

அந்த மாதிரி மில்லுங்களுக்கு வந்தவங்கதான் ஒகினாவாப் பொண்ணுங்க. ஆம்பளைங்க மரக்கடையிலயும் பட்டறையிலயும் சுமை தூக்க வந்தாங்க. ஏன் வந்தாங்கன்னா 1920-கள்ல சக்கரை வெலை படுத்துருச்சு, ஒகினாவாவுல கரும்ப நம்பியே கெடந்த குடும்பமெல்லாம் நடுத்தெருவுக்கு வந்துருச்சு, சக்கரவள்ளிக் கெழங்கு கூட இல்லாம சோட்டெட்சுங்குற சைக்கஸ் மரத்த வெட்டி சாப்பிட்டாங்க, அதுல வெஷம் இருக்கு, சரியா ஊற வச்சு பக்குவம் பண்ணலனா ஆள் காலி. அந்தக் காலத்துக்கே சைக்கஸ் நரகம்னு பேரு. கப்பல் ஒகினாவா தலைநகரம் நாஹாவுல இருந்து நேரா ஒசாகாவுக்கு வரும், எறங்குனவங்க பக்கத்துல வேலை கெடச்ச எடத்துல தங்கிட்டாங்க. தங்குனதும் நல்ல எடம் இல்ல, தண்ணி தேங்குற பள்ளத்துல கெடைச்ச பலகைய வச்சு குடிசை. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் ரியூக்யூக்காரங்க (ரியூக்யூங்குறது ஒகினாவாவோட பழைய பேரு) வேண்டாம்னு போர்டே தொங்க விட்ட காலம் அது. பேர வச்சு ஊர கண்டுபிடிச்சுருவாங்கனு குடும்பப் பேரையே ஜப்பான் உச்சரிப்புக்கு மாத்திக்கிட்டவங்க நெறைய.

இதெல்லாம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது. நேர்ல பாத்தா அந்தப் பள்ளமெல்லாம் மேடாக்கி ரோடும் அபார்ட்மெண்ட்டுமா இருக்கு, ஒண்ணும் தெரியாது.

ஸ்டேஷன்ல இருந்து பஸ் புடிச்சு ஹிராவோ போனோம், மேல கூரை போட்ட பழைய கடைத்தெரு. பாதிக் கடை ஷட்டர் மூடிக் கெடக்கு, தொறந்த கடையில ஒகினாவா சாமான்: கோயா, ஊதா சக்கரவள்ளி, டப்பா டப்பாவா ஸ்பாம் கறி, பன்னிக் காது, கரும்பு வெல்லக் கட்டி. ஒரு வெல்லக் கட்டிய வாயில போட்டதும் தம்பி அங்கயே நின்னுட்டான், ரெண்டு பாக்கெட் வாங்கிட்டான், அதுல ஒண்ணு இத எழுதுற நேரத்துக்கு காலி.

மத்தியானம் ஒகினாவா சோபா. சோபான்னா ஜப்பான்ல பக்வீட் மாவுல செய்ற சாம்பல் கலர் நூடுல்ஸ், ஒகினாவா சோபாவுல அந்த மாவு ஒரு சிட்டிகை கூட கிடையாது, முழுக்க கோதுமை, தடியா, கொஞ்சம் மஞ்சளா இருக்கும். 1976-ல ஜப்பான் அரசாங்கத்தோட வர்த்தகக் கமிஷன், பக்வீட் 30 சதவீதம் இல்லாதத சோபானு விக்கக் கூடாதுனு சொல்லிருச்சு. ஒகினாவா நூடுல்ஸ் சங்கத்துக்காரங்க விடுவாங்களா, அலைஞ்சு திரிஞ்சு, 1978 அக்டோபர் 17-ம் தேதி பேரு அவங்களுக்கே இருக்கட்டும்னு அனுமதி வாங்கிட்டாங்க. இன்னிக்கும் அந்த தேதிய ஒகினாவா சோபா தினமா கொண்டாடுறாங்க. நல்லா வேணும் கமிஷனுக்கு.

நான் வாங்குனது சோக்கி சோபா, மேல பன்னி விலா எலும்பு, வெந்து எலும்பே கடிக்கிற பதத்துல. சூப்பு பன்னி எலும்பும் காட்சுவோ மீனும் சேந்தது, பாக்க தெளிவா சாதுவா இருக்கும், ஆனா ஆழமா ருசி. டேபிள்ல ஒரு சின்ன பாட்டில், உள்ள குட்டி குட்டி செவப்பு மொளகா, அத அவமோரி சாராயத்துல ஊறப் போட்டு வச்சிருப்பாங்க, கோரேகுஸுனு பேரு. ரெண்டு சொட்டு விட்டா போதும்னு பக்கத்து சீட்டு தாத்தா எச்சரிக்கை பண்ணாரு, நான் ஆறேழு சொட்டு விட்டேன், அவரு சமையக்காரரக் கூப்பிட்டு என்னக் காட்டுனாரு. நம்ம நாக்கப் பத்தி அவருக்கு என்ன தெரியும். தம்பி வெளிய பெஞ்சுல உக்காந்து கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல வாங்குன உமே ஊறுகாய் வச்ச ஒனிகிரி, அதாவது சோத்து உருண்டை சாப்பிட்டான், மூஞ்சி சரியில்ல, சாயங்காலம் நல்லா கவனிச்சுக்குறேன்னு சொல்லிருக்கேன்.

இப்ப படகுத்துறையில இருந்து எழுதுறேன். டைஷோவ சுத்தி தண்ணிங்குறதால ஒசாகா மாநகராட்சி இன்னும் படகு விடுது, ஊர்ல மொத்தம் எட்டு துறை, அதுல ஏழு டைஷோவத் தொட்டுப் போறது. 1920-ல இருந்து டிக்கெட்டே கிடையாது, நடந்து வர்றவங்களும் சைக்கிள்காரங்களும் ஓசியில போலாம். தலைக்கு மேல செம்பொன்மட்சு பாலம், கப்பல் கீழ போகணும்னு 33 மீட்டர் ஒசரத்துல கட்டி ரெண்டு முனையிலயும் வட்டம் வட்டமா சுத்தி எறங்குது, மேல இருந்து பாத்தா மூக்குக் கண்ணாடி மாதிரி தெரியுமாம், அதனால கண்ணாடிப் பாலம்னு கூப்பிடுறாங்க. அது மேல நடந்து ஏறி எறங்குறதுக்கு இந்த ரெண்டு நிமிஷப் படகே மேல்னு ஊர்க்காரங்க முடிவு பண்ணிட்டாங்க, ஆயாங்க எல்லாம் கூடைய வச்ச சைக்கிளோட வந்து நிக்கிறாங்க.

சனி, நடுராத்திரி தாண்டி

நேத்து கடைக்கார அம்மாவே சொல்லி அனுப்புன வேற கடை, சனிக்கிழமை சன்ஷின் வாசிப்பு உண்டு, அதுக்கு தனியா கொஞ்சம் காசு. சன்ஷின்னா மூணு தந்தி, குடத்து மேல மலைப்பாம்புத் தோல் போத்துனது. மொதல்ல சாப்பாட்ட முடிச்சுருவோம்.

தம்பிய கவனிக்கிறேன்னு சொன்னேன்ல, சமையக்காரர்கிட்ட நேரா போய் பேசிட்டேன், பன்னி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தூளு வேண்டாம், முட்டை வேண்டாம். அவரு ஒரு நிமிஷம் கைய கட்டி யோசிச்சுட்டு, கோயாவ மாவுல முக்கி டெம்புரா போட்டு உப்போட குடுத்தாரு, கேரட்ட துருவி எண்ணெயில வதக்கி வெறும் உப்பு மட்டும் போட்டு குடுத்தாரு, கெட்டி டோஃபுவ கல்லு மேல போட்டு சுட்டு குடுத்தாரு. கேரட்டுக்கு ஷிரிஷிரினு பேரு, ஒகினாவாவுல இதுக்குனே தனியா துருவி விக்கிது. அந்த டோஃபு பத்தியும் கேட்டேன். ஒகினாவா டோஃபு நல்லா அழுத்தி கெட்டியா இருக்கும், சூடா அப்படியே விப்பாங்க, இங்க அது கெடைக்காத காலத்துல அவரோட அம்மா ஒசாகா டோஃபுவ வாங்கி மேல கல்லு வச்சு தண்ணிய வடிச்சு சமைப்பாங்களாம். அவருக்கு அந்த ருசிதான் நாக்குல நிக்கிது, இப்பவும் சாதா டோஃபுவ அழுத்தித்தான் சமைக்கிறாரு, ஒகினாவால இருந்து வரவழைக்கிறதில்ல.

பக்கத்து டேபிள்ல டோக்கியோல இருந்து வந்த ஒரு க்ரூப், அதுல ஒருத்தர் ஒகினாவாவுக்கு வருஷா வருஷம் போறவரு போல, இது ஒரிஜினல் இல்ல, நாஹாவுல சூப்பு இப்படி இருக்காதுனு சத்தமா பாடம் எடுத்துட்டு இருந்தாரு. எனக்கு கோவமே வந்துருச்சு. நாஹா ருசி வேணும்னா நாஹா போங்களேன். இது டைஷோ சாப்பாடு, கெடைச்சத வச்சு செஞ்சு செஞ்சு ஒரு ருசி ஆகிப் போச்சு, மூணு தலைமுறை சாப்பிட்டா அதுவும் ஒரிஜினல்தான். குபு இரிச்சினு ஒண்ணு சாப்பிட்டேன், கொம்பு கடல்பாசிய நூலா வெட்டி பன்னியோட வதக்குனது, ஒகினாவாவோட தலையாய ஐட்டம், கல்யாணம் காட்சிக்கெல்லாம் கண்டிப்பா உண்டு. ஆனா ஒகினாவா கடல்ல கொம்பு வெளையவே வெளையாது! அது வடக்கு ஹொக்கைடோ சரக்கு, கப்பல்ல ஒசாகா வந்து, ஜப்பான் தெற்குல இருந்த சட்சுமாக்காரங்க கை மாறி, ரியூக்யூ ராஜ்யம் போயி, அங்கிருந்து சீனாவுக்கு ஏத்துமதி ஆச்சு, போற வழியில ஒகினாவா சமையக்கட்டுல தங்கிருச்சு. இப்ப சொல்லுங்க, ஒரிஜினல் எது.

நேத்து பாதியில விட்ட பன்னிக் கதை. ரெண்டாம் உலகச் சண்டையில ஒகினாவா அழிஞ்சப்ப பன்னியும் அழிஞ்சு போச்சு, பன்னி இல்லாத ஒகினாவா அடுப்பு எரியாத வீடு. அத கேள்விப்பட்டு ஹவாய்ல குடியேறி இருந்த ஒகினாவாக்காரங்க காசு வசூல் பண்ணி, 1948-ல அமெரிக்காவுல 550 பன்னி வாங்கி, போர்ட்லேண்ட் துறைமுகத்துல கப்பல்ல ஏத்தி, கூடவே ஏழு பேரு புயல்லயும் அலையிலயும் அதுங்களுக்கு தீனி போட்டு பாத்துக்கிட்டே ஒகினாவா கொண்டு வந்து சேத்தாங்க. அதுங்க குட்டி போட்டு பெருகித்தான் திரும்ப ராஃபுட்டே வந்துச்சு. தூர தேசத்துல இருக்குறவன் ஊருக்கு மணியார்டர் அனுப்புவான், இவங்க பன்னி அனுப்பிருக்காங்க. இந்தக் கதைய டோக்கியோ ஆளுகிட்ட சொல்லணும்னு இருந்துச்சு, தம்பி கைய புடிச்சு உக்கார வச்சுட்டான்.

அவமோரி பத்தி ஒரு வார்த்தை. ஜப்பான்ல மத்த அரிசி மது பெரும்பாலும் ஜப்பான் குண்டு அரிசியில, இது வழக்கமா தாய்லாந்து நீள அரிசியில, கருப்புக் கோஜிங்குற பூஞ்சையப் போட்டு புளிக்க வச்சு வடிக்கிறது. அந்தப் பூஞ்சை எலுமிச்சைப் புளிப்ப நெறைய சுரக்கும், அதனால ஒகினாவா வெக்கையிலயும் ஊறல் கெட்டுப் போகாது. மூணு வருஷத்துக்கு மேல வச்சா கூசுனு பேரு, வெலையும் ஏறும். நான் தண்ணியும் ஐஸும் போட்டு ஒரே ஒரு கிளாஸ், மொத வாய் முரட்டுத்தனம், அப்புறம் வாசனை தூக்குது.

சன்ஷின் வாசிச்சவரு பகல்ல லாரி ஓட்டுறவராம். மொத அரை மணி மெதுவான பாட்டுங்க, யாரும் கண்டுக்கல, எல்லாரும் பேசிட்டும் தின்னுட்டும் இருந்தாங்க. கடைசியில வேகமா ஒண்ணு எடுத்தாரு பாருங்க, கச்சாஷி, டேபிள தள்ளிட்டு மொத்தக் கடையும் எந்திரிச்சிருச்சு, கைய தலைக்கு மேல தூக்கி மணிக்கட்ட திருப்பி திருப்பி ஆடணும், பொம்பளைங்க வெரல விரிச்சு, ஆம்பளைங்க மூடி. கவுண்டர்ல எழுபது தாண்டின பாட்டி ஒருத்தங்க வந்து என் கைய புடிச்சு "மணிக்கட்டு மட்டும், இடுப்பு வேண்டாம்"னு திருத்துனாங்க. தம்பி ஆடமாட்டேன்னுட்டு, அப்புறம் பாத்தா அந்த டோக்கியோ ஆளுக்கு கத்துக் குடுத்துட்டு இருக்கான்.

ஞாயிறு, ட்ரெயின்ல

காலையில திரும்ப ஹிராவோ, சாட்டா அண்டகி வாங்க. மாவு, சக்கரை, முட்டை மூணையும் பெசஞ்சு கையாலயே உருட்டி எண்ணெயில விட்டா மெல்ல மெல்ல வெந்து ஒரு பக்கம் பூ மாதிரி வெடிக்கும், அந்த வெடிப்பு மொறுமொறுப்புக்காகத்தான் சாப்பிடுறதே. ஆறிப் போனா தொண்டைய அடைக்கும், சுடச்சுட சாப்பிட்டுருங்க. முட்டை இருக்குறதால தம்பிக்கு இல்ல, அவன் வெல்லத்தோட சந்தோஷமா இருந்தான்.

மத்தியானம் டக்கோ ரைஸ், சோத்து மேல கொத்துக்கறி, சீஸ், லெட்யூஸ், தக்காளி, காரமா ஒரு சாஸ். 1984-ல ஒகினாவாவுல கின்ங்குற ஊர்ல, அமெரிக்க மரீன் முகாம் வாசல்ல ஒரு கடையில ஆரம்பிச்ச ஐட்டம். காசு கம்மியான சிப்பாய்ங்களுக்கு வயிறு நெறையணும்னு டக்கோங்குற மெக்சிகோ ரொட்டிக்குள்ள வைக்கிறத சோத்துல கொட்டுனாங்க. சாப்பிட சாதாரணமாத்தான் இருக்கு, ஸ்கூல் பசங்க ரசிச்சு சாப்பிடுறாங்க, நான் பாதி வச்சுட்டேன்.

அப்புறம் டென்னோஜி பார்க். டைஷோவுல இருந்து லூப் லைன்ல கொஞ்ச தூரம்தான். 1903-ல இங்க அஞ்சாவது தேசியத் தொழில் கண்காட்சி நடந்துச்சு, அதோட வாசல் பக்கம் மனித இன மண்டபம்னு தனியார் ஒருத்தர் கூடாரம் போட்டு, வடக்கு ஜப்பான் பழங்குடியான ஐனு, தைவான் பழங்குடி, கொரியாக்காரங்க, ஒகினாவாப் பொண்ணுங்க ரெண்டு பேரு, அப்புறம் இந்தியாவுல இருந்து ஆளுங்க, இப்படி உயிரோட மனுசங்கள உக்கார வச்சு டிக்கெட் போட்டு காட்டுனாங்க. ஒகினாவா பத்திரிகை கண்டிச்சு எழுதி, எதிர்ப்பு கெளம்பி, அந்தப் பொண்ணுங்கள ஊருக்கு அனுப்புனாங்க. இந்தியாக்காரங்க யாரு, எந்த ஊரு, திரும்பிப் போனாங்களானு நான் தேடினதுல ஒண்ணும் கெடைக்கல. இப்ப அந்த எடத்துல புல்வெளி, காபி கடை, நாய்க்குட்டியோட ஜனங்க. தம்பிதான் ரொம்ப நேரம் பேசாம வந்தான், நேத்து கல்லப் பாக்க எதுக்குனு கேட்டவன் இன்னிக்கு அந்த மண்டபம் சரியா எந்த மூலையில இருந்துச்சுனு மேப்ப பெருசாக்கி பெருசாக்கி பாத்தான்.

இப்ப நாகோயா போற ட்ரெயின்ல இருக்கோம். போறவங்களுக்கு சொல்ல வேண்டியது: டைஷோ ஸ்டேஷன் பக்கத்துக் கடைங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் தொறக்கும், ஹிராவோவுக்கு ஸ்டேஷன் வாசல்ல இருந்து பஸ், கையில கேஷ் வச்சுக்கோங்க, சின்னக் கடையில கார்ட நீட்டுனா சிரிப்பாங்க. ரெண்டு பேரு நல்லா சாப்பிட்டு குடிச்சா ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் யென் ஆகும். சைவக்காரங்க வாசல்லயே புத்தானிக்கு நாஷி, சகானா நாஷி, தாஷி நாஷி, தமாகோ நாஷினு மூச்சு விடாம சொல்லிருங்க, அதாவது பன்னி, மீன், மீன் தண்ணி, முட்டை நாலும் வேண்டாம், அதுவும் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போய் சொன்னா நிதானமா செஞ்சு குடுப்பாங்க. செப்டம்பர்ல சிஷிமா பார்க்ல எய்சா திருவிழா, 1975-ல இந்த ஊர் ஒகினாவா இளவட்டங்க ஆரம்பிச்சது, மேளம் அடிச்சுட்டு ஆடுவாங்க, சாப்பாட்டுக் கடையும் போடுவாங்க. அதுக்கு ரூம் புக் பண்ணலாமானு தம்பி இப்பவே கேக்குறான், கடலை டோஃபு செய்ற முறைய அந்தம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வரணுமாம்.